80 மில்லிமீற்றர் என்று விற்ற ஸ்பொட்டிங் ஸ்கோப்: பணத்தைத் திருப்பித் தரும்படி கோருகிறேன்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

முகாமையாளர் அவர்களுக்கு,

கடந்த மாதம் 7ஆம் திகதி உங்கள் கடையில் 118,000 ரூபா கொடுத்து ஒரு ஸ்பொட்டிங் ஸ்கோப் (தூரத்து இலக்கைப் பெரிதாக்கிப் பார்க்கும் தொலைநோக்கி) வாங்கினேன். பெட்டியில் 20–60×80 என்று அச்சிட்டிருக்கிறது. அதாவது 20 முதல் 60 மடங்கு உருப்பெருக்கம், ஒளி உள்ளே நுழையும் முன்வில்லையின் விட்டம் 80 மில்லிமீற்றர். பற்றுச்சீட்டின் பிரதியை இணைத்திருக்கிறேன்.

என் மகள் 50 மீற்றர் றைபிள் சுடுகிறாள். அவள் படுத்துச் சுடும்போது பின்னால் இருந்து இலக்கைப் பார்த்து, சூடு எங்கே பட்டது என்று சொல்வது என் வேலை. நடு வளையத்தின் விட்டமே 10.4 மில்லிமீற்றர்தான், ரவை 5.6. இலக்கின் நடுவில் உள்ள கறுப்புப் பகுதியில் விழும் துளை வெறுங்கண்ணுக்குத் தெரியாது. கானல், அதாவது வெப்பத்தில் நெளியும் காற்று, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக் காற்றைச் சொல்வதும் இதே கருவியால்தான்.

நண்பகலில் குறை தெரியவில்லை. ஆனால் அவளுடைய பயிற்சி பாடசாலை விட்ட பிறகு, மாலையில். ஐந்தரை மணியானால் 40 மடங்கில் கறுப்பும் துளையும் ஒன்றாகிவிடுகின்றன. ஒருநாள் பழைய துளை ஒன்றைப் புதியது என்று நினைத்து, "வலப்பக்கம் 8", அதாவது வலப்பக்கம் 8ஆம் வளையத்தில் பட்டது என்று சொல்லிவிட்டேன். அவள் என் சொல்லை நம்பி, றைபிளின் குறிகாட்டியை இடப்பக்கமாகத் திருப்பினாள். அன்று முழுக்கச் சூடுகள் இடப்பக்கம் போயின. பிறகு காகிதத்தைக் கையில் எடுத்துப் பார்த்தபோதுதான் பிழை என்னுடையது என்று விளங்கியது. "பரவாயில்லை அப்பா" என்றாள். எனக்குத்தான் தாங்கவில்லை.

உங்கள் கடைக்குத் தொலைபேசியில் சொன்னேன். கொழும்பு ஈரப்பதம், வில்லையைத் துடையுங்கள் என்றார்கள். துடைத்தேன். ஸூமைக் குறையுங்கள் என்றார்கள். சரி, குறைத்தேன். 20 மடங்கிலும், பக்கத்தில் இருந்தவரின் பழைய 60 மில்லிமீற்றர் ஸ்கோப் இதைவிட வெளிச்சமாகக் காட்டியது. அப்போதுதான் அளந்து பார்க்கத் தோன்றியது.

20 மடங்கில் வைத்து, சூரியன் இல்லாத பக்க வானத்தைப் பார்க்கத் திருப்பி, கண்வில்லைக்குப் பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்தேன். தாளில் விழும் ஒளிவட்டத்தின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் பெருக்கினால் வேலை செய்யும் முன்வில்லையின் அளவு வரும். 80 என்றால் வட்டம் 4 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். இருந்தது இரண்டரை. பெருக்கினால் 50. நம்ப முடியாமல், இரவில் கண்வில்லைப் பக்கமாக டோர்ச் அடித்து, முன்வில்லையை ஒட்டிய சுவரில் விழுந்த வட்டத்தையும் அளந்தேன். அதுவும் 5 சென்றிமீற்றர்தான். டோர்ச்சை முன்பக்கமாகப் பிடித்தால் குழலுக்குள் ஒரு கறுப்பு வளையம் வழியை அடைத்திருப்பது கண்ணுக்கே தெரிகிறது. படங்கள் இணைப்பில் உள்ளன.

வெளியே இருக்கும் கண்ணாடி 80தான், மறுக்கவில்லை. ஆனால் அதன் ஓரத்தில் விழும் ஒளி கண்ணுக்கு வந்து சேர்வதே இல்லை. 80க்கும் 50க்கும் இடையே ஒளியில் இரண்டரை மடங்கு வித்தியாசம். நான் பணம் கொடுத்தது அந்த ஒளிக்குத்தான்.

உங்கள் விளம்பரம் இதே கருவியை வேட்டைக்காரர்களுக்கும் சிபாரிசு செய்கிறது, அந்திவேளைக்கு ஏற்றது என்கிறது. இது என்னை மிகவும் உறுத்துகிறது. வேட்டை அனுமதிக்கப்பட்ட நாடுகளில் மனிதர்கள் இதை நம்பித்தான் மங்கல் வெளிச்சத்தில் தூரத்தில் நிற்பது எது என்று முடிவு செய்கிறார்கள். பார்ப்பதற்காகத் துவக்கைத் திருப்பக் கூடாது என்பதற்காகவே இந்தக் கருவி கையில் இருக்கிறது. அதன் அளவைப் பொய்யாக எழுதுவது சின்ன விஷயம் இல்லை.

இதே மாதிரியில் வேறொன்று தருவதாகச் சொல்ல வேண்டாம். முழுப் பணமும் 14 நாட்களுக்குள் வேண்டும். விளம்பரத்தில் உள்ள அளவையும் திருத்துங்கள். இல்லையென்றால் இந்தக் கடிதத்தையும் படங்களையும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் கொடுப்பேன்.

ஸ்கோப், முக்காலி, மூடிகள், பெட்டி எல்லாம் கீறல் இல்லாமல் இருக்கின்றன. சனிக்கிழமை காலையில் கொண்டுவர முடியும். உங்கள் முன்னாலேயே அந்தத் தாளைப் பிடித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்