ஸ்லோமோஷன் மேல் பழி போடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். போன இதழில் ஆல்பம் பாடல்களைப் பற்றி, அதாவது சினிமாவில் சேராமல் தனியாக வருகிற பாட்டு வீடியோக்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எல்லா வீடியோவும் ஒரே மாதிரி இருக்கிறது, ஸ்லோமோஷன், ட்ரோன், கலர் புகை இதை விட்டால் இந்தக் காலத்துப் பையன்களுக்கு வேறு எதுவும் தோன்றுவதில்லை என்று கட்டுரையாளர் சலித்துக்கொண்டிருந்தார். சலிப்பு நியாயம்தான். நான் கிருஷ்ணகிரியில் கல்யாண வீடியோ எடிட் பண்ணிப் பிழைக்கிறவன். ஆடி, மார்கழி மாதிரி முகூர்த்தம் இல்லாத நாட்களில் என்னிடம் வருகிற வேலை பெரும்பாலும் உள்ளூர்ப் பையன்களின் ஆல்பம் பாட்டுதான், அதனால் அவரைவிட நான் அதிகமாகவே பார்த்துச் சலித்திருப்பேன். ஆனால் அவர் பழி போட்ட இடம் சரியில்லை. இந்த உத்திகளில் முக்கால்வாசி ஏதோ ஒரு கஷ்டத்தைச் சமாளிக்க யாரோ கண்டுபிடித்தது. என்ன கஷ்டம் என்று கேட்காமல் உத்தியை மட்டும் தூக்கிக்கொண்டு வருவதுதான் பிரச்சினை.

ஸ்லோமோஷனையே எடுத்துக்கொள்ளுங்கள். பாடுகிற ஆள் மெதுவாக நடந்து வரவேண்டும், முடி மெதுவாகப் பறக்கவேண்டும், உதடு மட்டும் பாட்டின் வேகத்துக்கே அசையவேண்டும். இதற்காகப் படப்பிடிப்பில் பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, அந்த வேகத்துக்கு வாயசைக்க வைத்து, நொடிக்கு 50 பிரேம் (தனித்தனிப் படம்) எடுத்து, அப்புறம் அதை 25-ல் ஓட்டுவார்கள். சினிமாவில் என்றால் 48, 24. உதடு பாட்டோடு ஒட்டிக்கொள்ளும், துணியும் தண்ணீரும் மட்டும் மிதக்கும். இங்கே வருகிற பையன்கள் பாட்டைச் சாதாரண வேகத்தில் போட்டுவிட்டு, செல்போனில் ஸ்லோமோ பட்டனைத் தட்டிவிட்டு வந்து நிற்கிறார்கள். வாய் ஒரு வார்த்தையை மென்றுகொண்டிருக்கும்போது பாட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. “அண்ணா, எப்படியாச்சும் சேத்துடுங்க.” எப்படிச் சேர்ப்பது? உதடு தெரியாத ஷாட்டாகப் பார்த்து, முதுகு, கூலிங் கிளாஸ், செருப்பு, பைக் சக்கரம் என்று பொறுக்கி ஒட்டவேண்டியதுதான். ஏன் எப்போது பார்த்தாலும் நடந்துகொண்டே இருக்கிறார்கள் என்று கட்டுரையாளர் கேட்டிருந்தாரே, பாதி நடைக்குக் காரணம் இதுதான் சார்.

1975-ல் இங்கிலாந்தின் க்வீன் குழு ‘பொஹீமியன் ராப்சடி’ பாட்டுக்கு வீடியோ எடுத்தபோது பாட்டு வீடியோவுக்கென்றே வந்த அமெரிக்க டிவி சேனலான எம்டிவி பிறக்கவே இல்லை, அது தொடங்கியது 1981 ஆகஸ்ட் 1-ல்தான். ஊர் ஊராகக் கச்சேரிக்குக் கிளம்பவேண்டும், டிவி நிகழ்ச்சிக்கு நேரில் போய் நிற்க முடியாது, போனாலும் அத்தனை குரல்களை அடுக்கிய பாட்டுக்கு மேடையில் வாயசைத்தால் நன்றாக இருக்காது. சரி, ஒரு வீடியோவை எடுத்து அனுப்பிவிடுவோம் என்று எடுத்தார்கள். அதில் ஓர் இடத்தில் ஒரே முகம் திரைக்குள் ஒன்றன்பின் ஒன்றாக நீண்டுகொண்டே போகும். கம்ப்யூட்டர் வேலை எதுவும் இல்லை, கேமரா எடுப்பதை எந்த டிவி காட்டிக்கொண்டிருக்கிறதோ அந்த டிவியை நோக்கியே கேமராவைத் திருப்பியிருக்கிறார்கள், அவ்வளவுதான். குரல் அடுக்கடுக்காகக் கேட்கிற இடத்தில் முகமும் அடுக்கடுக்காகத் தெரிகிறது. இப்போது என்னிடம் வருகிறவர்கள் முகத்தை நாலாகப் பிரிக்கச் சொல்கிறார்கள். பாட்டில் அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று கேட்டால் பதில் வராது.

நம்ம பக்கமும் இப்படித்தான். 2011 நவம்பரில் ‘கொலவெறி’ பாட்டு படத்துக்குப் பல மாதம் முன்பே வெளிவந்தது, காட்டியது ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் பாடுவதைத்தான். அது ஊரையே சுற்றி வந்தது. அதற்கப்புறம் படுக்கையறையில் லேப்டாப்பில் மிக்ஸ் பண்ணிய பாட்டுக்குக்கூட, ஷூட்டிங்குக்காக மட்டும் ஸ்டுடியோவை வாடகைக்கு எடுத்து, ஹெட்போனை ஒரு காதில் மாட்டி, மறு காதைத் திறந்து விட்டுக்கொண்டு நிற்கிறார்கள்.

கேமராவைப் பார்ப்பது இன்னொன்று. சினிமாப் பாட்டில் நாயகன் நாயகியைப் பார்த்துப் பாடுவான், நாம் ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்போம். ஆல்பம் பாட்டில் பாடுகிறவர் நேராக நம்மைப் பார்க்கிறார், ஏனென்றால் அங்கே விற்கவேண்டிய முகமே அவருடையதுதான். பாட்டுக் கம்பெனிகள் க்ளோஸ்-அப்பை விடாமல் கேட்பதும் அதனால்தான். பாடுகிறவர் ஒருவர், வாயசைப்பவர் ஒருவர் என்று பழகிய நமக்கு இது கொஞ்சம் கூச்சம். பையன்கள் ஒரு வரியைக் கேமராவைப் பார்த்துப் பாடுகிறார்கள், அடுத்த வரியில் யாரும் இல்லாத மலையைப் பார்க்கிறார்கள், யாரிடம் பாடுகிறார்கள் என்றே தெரிவதில்லை. தெருக்கூத்தில் கட்டியக்காரன் சபையைப் பார்த்து நேருக்கு நேர் பேசுகிறானே, தர்மபுரி, பென்னாகரம் பக்கம் பாரதக் கூத்து பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இதில் என்ன தயக்கம் என்று எனக்குப் புரியவில்லை.

இனி ஒகேனக்கல். கிருஷ்ணகிரி, தர்மபுரி என்று எங்கள் இரண்டு மாவட்டத்திலும் ஆல்பம் பாட்டு எடுக்கிறவன் ஒகேனக்கலைத் தொடாமல் விடமாட்டான், அடுத்தபடியாக கிருஷ்ணகிரியின் கேஆர்பி அணை. தப்பே இல்லை. 1992-ல் வந்த ‘ரோஜா’ படத்தின் ‘சின்னச் சின்ன ஆசை’ பெரும்பகுதி ஒகேனக்கலில் எடுத்ததுதான். கதைப்படி அந்தப் பெண்ணின் ஊர் திருநெல்வேலிச் சீமை, நம்ம காவிரி அந்தச் சீமை ஆறாக நடித்துவிட்டு வந்தது. பாட்டுக்குள் எந்த ஊரும் எந்த ஊருக்கும் பக்கத்து ஊர்தான், பார்க்கிறவர்களும் அதை ஒப்புக்கொண்டுதான் பார்க்கிறோம். என் வருத்தம் வேறு. ட்ரோனை உச்சிக்கு ஏற்றிவிட்டால் அருவி ஒரு வெள்ளைக் கோடு, பரிசல் ஒரு கருப்புப் பொட்டு, பாடுகிற பையன் எறும்பு. அது ஒகேனக்கலா, வேறு எந்த அருவியா என்று யாருக்குத் தெரியும்? அந்தப் பாறை, எண்ணெய் மசாஜ் பண்ணுகிறவர்கள், மீன் வறுக்கிற அடுப்பு எதுவும் மேலிருந்து தெரியாது. காட்டுப் பகுதியில் அனுமதி வாங்காமல் பறக்கவிட்டு மாட்டிக்கொள்வது தனிக் கதை.

அருவிக்குப் பக்கத்தில் எடுப்பதில் இன்னொரு வில்லங்கம், இதை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. எடிட்டிங்கில் பாட்டையும் படத்தையும் சேர்க்க, கேமரா மைக்கில் பதிவான சத்தத்தை அசல் பாட்டோடு சாப்ட்வேரே பொருத்திக்கொடுக்கும். அருவி இரைச்சலில் சின்ன ஸ்பீக்கர் சத்தம் கேமராவுக்கு எட்டியே இருக்காது, பொருத்த ஒன்றும் இருக்காது, ஒவ்வொரு ஷாட்டாக உதட்டைப் பார்த்துக் கையால் சேர்க்கவேண்டும். ஸ்பீக்கரை எட்ட வைத்தாலும் வம்புதான், சத்தம் நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும், ஸ்பீக்கருக்கும் பாடுகிறவருக்கும் நடுவே 34 மீட்டர் என்றால் அவர் காதுக்கு நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதமாக வரும், கேமரா ஸ்பீக்கர் பக்கம் இருந்தால் உதடு இரண்டரை பிரேம் பின்தங்கும். கண் அதைக் கண்டுபிடித்துவிடும். ஸ்பீக்கர் ஆளுக்குப் பக்கத்தில், தொடக்கத்தில் படத்தையும் சத்தத்தையும் பொருத்திப் பார்க்க ஒரு கைதட்டு, இந்த இரண்டையும் செய்தால் போதும், என் வேலை பாதியாகக் குறையும்.

கலர் விஷயத்தில் எனக்குக் கோபமே வரும். நிழலெல்லாம் நீலப்பச்சை, முகமெல்லாம் ஆரஞ்சு, ஹாலிவுட்டில் இருந்து வந்த பழக்கம். மனிதத் தோல் எந்த நிறமானாலும் ஆரஞ்சு பக்கம்தான் சாயும், பின்னணியை அதற்கு எதிர் நிறத்துக்குத் தள்ளினால் முகம் தூக்கித் தெரியும், அதுதான் அதன் காரணம். இராயக்கோட்டை, ஊத்தங்கரை பக்கம் செம்மண்ணில் நிற்கவைத்து எடுத்துவிட்டு அதே ரெடிமேட் கலரைப் போட்டால் என்ன ஆகும்? மண்ணும் ஆரஞ்சு, முகமும் ஆரஞ்சு, ஆள் மண்ணுக்குள் காணாமல் போகிறான். மாந்தோப்பில் எடுத்தால் இலையெல்லாம் நீலம் பாய்ந்து செத்துப்போகிறது. எல்லாக் குழம்புக்கும் ஒரே மசாலா பாக்கெட். கலரைத் தொடாமல் சாயங்கால வெயிலில் முதுகுப் பக்கம் வெளிச்சம் விழுகிற மாதிரி நிற்கவைத்தாலே முகம் தனியாகப் பிரியும், காசு ஒன்றும் செலவில்லை.

ஒரு ஷாட்டிலிருந்து அடுத்த ஷாட்டுக்கு மாறுகிற கட் பற்றிக் கட்டுரையில் ஒரே வரிதான் இருந்தது, வேகமாக வெட்டுகிறார்கள் என்று. வேகம் குற்றமில்லை. நிமிடத்துக்கு 120 பீட் (தாள அடி) ஓடுகிற பாட்டில் ஒரு பீட் அரை நொடி, 25 பிரேம் கணக்கில் பன்னிரண்டரை. அரை பிரேமில் வெட்ட முடியாது, ஒன்று 12, ஒன்று 13 என்று மாற்றி மாற்றி வைக்கவேண்டும், நான் பீட்டுக்கு ஒரு பிரேம் முன்னாலேயே வெட்டுகிறவன், அப்போதுதான் எனக்குச் சரியாக அடிக்கிற மாதிரி இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு பீட்டுக்கும் வெட்டினால் பாட்டு முடிவதற்குள் தலைவலி. அதுவும் நம்ம குத்து நடை 6/8. மூன்று மூன்றாகத் துள்ளுகிற பாட்டுக்கு, எங்கோ இருந்து டவுன்லோட் பண்ணின நாலு நாலு டெம்ப்ளேட்டைப் போட்டு வெட்டுகிறார்கள். பம்பை ஓரிடத்தில் அடிக்கிறது, படம் வேறு இடத்தில் மாறுகிறது. பார்க்கிறவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, என்னவோ ஒட்டவில்லை என்று தள்ளிவிட்டுப் போய்விடுவார்.

காசில்லை என்பதும் சாக்கு இல்லை. 2006-ல் அமெரிக்காவில் ஓகே கோ என்ற குழு எட்டு டிரெட்மில்லை வரிசையாகப் போட்டு அதன்மேல் ஆடியது, ஒரே கேமரா, ஒரே ஷாட், ஒரு கட்கூட இல்லை. எல்லாம் ஒத்திகை, பாடகரின் சகோதரிதான் நடனம் அமைத்தவர். எருது விடும் விழாவுக்கு ஊரே சேர்ந்து பட்டி கட்டுகிற கிருஷ்ணகிரியில் ஒத்திகைக்கு ஆள் கிடைக்காதா? தேன்கனிக்கோட்டையில் தெலுங்கும் கன்னடமும் தமிழும் கலந்து ஒரே பாட்டில் எழுதுகிற பையன்கள் இருக்கிறார்கள், அந்தப் பாட்டை நான் ஆசையாகத்தான் வெட்டுவேன். ஆனால் படத்தைப் பார்த்தால் துபாய் மாதிரி இருக்கிறது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த வீடியோக்களைப் பற்றி எழுதும்போது பாடகர் பேரோடு நிறுத்தாதீர்கள், இயக்கியது யார், ஒளிப்பதிவு யார், எடிட்டிங் யார் என்று போடுங்கள். எம்டிவியே 1992-ல்தான் பாட்டு, பாடகர் பேரோடு இயக்குநர் பேரையும் திரையில் போட ஆரம்பித்தது. பேர் வந்தால் திட்டும் வரும், பரவாயில்லை, திட்டு வாங்கினால் அடுத்த பாட்டுக்காவது பையன் ஸ்பீக்கரைப் பக்கத்தில் வைப்பான்.

இப்படிக்கு,
கல்யாண வீடியோ எடிட்டர் ஒருவர்,
பழையபேட்டை, கிருஷ்ணகிரி.