மரக்கடைசல் சங்கம்: முதலாம் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், உடுமலையிலும் சுற்று ஊர்களிலும் இருந்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இது நம் முதல் ஆண்டறிக்கை என்பதால், சங்கம் எதனால் தொடங்கியது என்பதைப் பதிவு செய்கிறேன். என் வலது தோளில் தசைநாண் கிழிந்து அறுவைச் சிகிச்சை நடந்தது. தைத்த தசைநாண் எலும்போடு சேர்ந்து பிடிக்க மூன்று மாதமாவது ஆகும், அதுவரை கனம் தூக்கக் கூடாது என்றார் மருத்துவர். அந்தக் கெடு முடிந்த பிறகும் பச்சைக் கட்டையைத் தூக்கி லேத்தில் (கட்டையைச் சுழற்றிக் கடையும் இயந்திரத்தில்) மாட்ட இன்னொருவர் தேவைப்பட்டார். தூக்கிக் கொடுக்க வந்த பக்கத்து வீட்டுத் தம்பி, "எனக்கும் உளி பிடிக்கக் கற்றுக்கொடுங்கள் அண்ணா" என்று நின்றுவிட்டார். கட்டில் காலும் மத்தும் கடைந்தே குடும்பத்தைக் காத்த ஆசாரி ஐயா ஒருவரை அவர்தான் அழைத்து வந்தார். பிறகு ஆட்கள் சேரச் சேர, சங்கமாகக் கூடினோம்.

ஆண்டு முழுவதும் நாம் அதிகம் பேசியது நிற்கும் முறையைப் பற்றித்தான். தோள் வலு குறைந்தவர் கையால் உளியைத் தள்ளினால் அரைமணி நேரம்கூடத் தாங்காது. உளிப்பிடியை இடுப்போடு அணைத்து, முழங்கையை விலாவோடு ஒட்டி, உடல் எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றினால் உளி தானாக நகரும். ஆசாரி ஐயா எந்தப் பாடமும் படிக்காமல் இப்படித்தான் நிற்கிறார். சுழலும் அச்சு நிற்பவரின் முழங்கை உயரத்துக்கு வர வேண்டும் என்பதால் லேத்துக்கு அடியில் கட்டை கொடுத்து உயர்த்தினோம்; குள்ளமானவர்கள் நிற்க ஒரு பலகை வைத்திருக்கிறோம்.

அறுவைச் சிகிச்சைக்குப் பின் திரும்புகிறவர்கள் பம்பரம், மத்து போன்றவற்றில் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அவற்றில் மரத்தின் ரேகை, அதாவது நார் ஓடும் வரி, சுழலும் அச்சோடு ஒன்றாக ஓடும்; உளி அமைதியாகச் சீவும். கிண்ணத்திலோ ஒவ்வொரு சுற்றிலும் உளி இரண்டு முறை ரேகையின் வெட்டுமுனையை, அதாவது நார் குறுக்கே அறுபட்ட பக்கத்தை, சந்திக்கிறது. கட்டை உருண்டையாகும் வரை அடிக்கும் உதறல் நேராகத் தோளில் இறங்கும். வேகத்துக்கு ஒரு கணக்கு சுவரில் எழுதியிருக்கிறது: அங்குலத்தில் விட்டத்தையும் நிமிடச் சுற்றையும் பெருக்கினால் 6000 முதல் 9000க்குள் வர வேண்டும். பத்து அங்குலக் கிண்ணத்துக்கு 600 முதல் 900 சுற்று. கோணல் கட்டைக்கு அதிலும் குறைவாகவே தொடங்க வேண்டும்.

மரத்துக்கு நமக்குப் பஞ்சமில்லை. வேம்பு, பூவரசு, வாகை, வெட்பாலை எல்லாம் தோட்டங்களிலிருந்தே வருகின்றன. சாலை விரிவாக்கத்தில் விழுந்த புளியின் கருஞ்சிவப்பு வயிரத்தை (கெட்டியான நடுமரத்தை) கடைந்து பார்த்தவர்கள் அதை இனி அடுப்புக்குத் தரமாட்டார்கள். நம் ஊரின் சிக்கல் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வீசும் காற்று பச்சை மரத்தின் மேற்பரப்பை உள்ளே ஈரம் இருக்கும்போதே உலர்த்திவிடுகிறது, கிண்ணங்கள் பிளக்கின்றன. ஆகவே விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு தடிமன் விட்டு முதல் கடைசலை முடித்து, வெட்டுமுனையில் மெழுகு தடவி, சீவல்களோடு காகிதப் பையில் கட்டி, காற்று படாத அறையில் மாதக்கணக்கில் வைக்கிறோம். வளைந்து உலர்ந்ததை மறுபடி கடைந்து முடிக்கிறோம். இந்த ஒரு பழக்கமே பல நல்ல கட்டைகளைக் காப்பாற்றியது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தனக் கட்டையும் ஈட்டிக் கட்டையும் யார் கொண்டுவந்தாலும் பட்டறைக்குள் ஏற்பதில்லை என்ற செயற்குழு முடிவில் மாற்றமில்லை.

இந்த அவையின் ஒப்புதலுக்கு இரண்டு தீர்மானங்கள். முதலாவது, மரத்தூளை உறிஞ்சும் இயந்திரம் ஒன்று வாங்குவது. வேம்பின் தூள் தொண்டையை அறுக்கிறது, வெறும் துணி முகக்கவசம் போதாது. இரண்டாவது, முகத்தடுப்பு அணியாமலோ தனியாகவோ எவரும் லேத்தை ஓட்டக் கூடாது என்பதை விதியாக்குவது. இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர்கள் நம்மில் சிலர் இருக்கிறார்கள். சிறு காயத்துக்கும் உடனே கட்டுப்போடப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும்.

நிறைவேற்றித் தருமாறு அவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்