எட்டுச் சைக்கிளும் நாலு துடுப்புப் படகும்: கழகத்தின் நன்கொடை வேண்டுகோள்

அன்பான உறவுகளே,

எங்கள் விளையாட்டுக் கழகத்தின் நிர்வாகக் குழு சார்பில் இதை எழுதுகிறேன். நான் கழகத்தின் செயலாளர். சென்ற வருடம் கழகத்துக்காக முதன்முதலாக ட்ரையத்லன் போட்டிக்குப் போன நாலு பேரில் நானும் ஒருவன். காசு கேட்டுத்தான் எழுதுகிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எட்டுச் சைக்கிள், பத்துத் தலைக்கவசம், நாலு துடுப்புப் படகு. இவை தனி ஒருவருக்குச் சொந்தமாக இல்லாமல், கேட்கிற பிள்ளைக்குக் கொடுக்கிற பொதுச் சொத்தாகக் கழகத்தில் இருக்கவேண்டும்.

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில், இடையில் ஓய்வில்லாமல் முடிப்பதுதான் ட்ரையத்லன். ஒலிம்பிக்கில் இதைச் சேர்த்தது 2000 இல், சிட்னியில். அங்கே 1.5 கிலோமீற்றர் நீச்சல், 40 கிலோமீற்றர் சைக்கிள், 10 கிலோமீற்றர் ஓட்டம். நாங்கள் செய்வது அதில் சரிபாதி: 750 மீற்றர், 20, 5. வெளிநாட்டு விளையாட்டு, நமக்கு எதற்கு என்று ஊரில் சிலர் கேட்டார்கள். தொண்டைமானாற்று நவரத்தினசாமி 1954 இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971 இல் அதே கடலை நீந்திப் போய், நீந்தியே திரும்பியும் வந்தார். சைக்கிளைப் பற்றி யாழ்ப்பாணத்தவருக்குச் சொல்லவேண்டுமா? போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாமல் ஊரே சைக்கிளில்தான் ஓடியது. 1995 ஐப்பசியில் போரால் இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தால் போனவர்களில் எத்தனை பேர் வீட்டையே சைக்கிளில் கட்டி உருட்டிக்கொண்டு போனார்கள். 2022 இல் எரிபொருள் வரிசை நீண்டபோது கொட்டிலில் கிடந்த சைக்கிள்களைத் திரும்பத் துடைத்து எடுத்தோம். நமக்கு இது அந்நியமே இல்லை.

இனி அந்தப் போட்டியைப் பற்றிச் சொல்கிறேன். தெற்கே, கடற்கரை ஊர் ஒன்றில் நடந்தது. வான் ஒன்றைப் பிடித்து, மேலே சைக்கிள்களைக் கயிற்றால் கட்டிக்கொண்டு இரவிரவாகப் போனோம். எங்களில் மூத்தவன் நான். இளையவள் பத்தொன்பது வயதுப் பிள்ளை, அப்பா கடற்றொழிலாளி. நீச்சலில் எங்கள் கழகத்தில் அவளை அடிக்க ஆள் இல்லை. அவள் கொண்டுவந்தது அம்மாவின் சைக்கிள். முன்கூடையைக் கழற்றியிருந்தாள், கூடை பூட்டியிருந்த இரும்புத் துண்டு மட்டும் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றது. தலைக்கவசம் என்று அண்ணனின் மோட்டார் சைக்கிள் ஹெல்மெற்றைக் கொண்டுவந்திருந்தாள்.

விடியற்காலையில் அதிகாரி ஒருவர் சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். பிரேக்கை அழுத்திப் பார்த்தார், சரி என்றார். ஹெல்மெற்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இதோடு விடமுடியாது என்றார். அவர் சொன்னது சரிதான். இந்தப் போட்டியில் தலைக்கவசத்தின் வாரைப் பூட்டிய பிறகுதான் சைக்கிளைத் தாங்கியிலிருந்து எடுக்கவே விடுவார்கள், அவ்வளவு கண்டிப்பு. பிள்ளைக்கு முகம் செத்துப்போய்விட்டது. அப்போது பக்கத்து வரிசையில் நின்ற சிங்களப் பிள்ளை ஒருத்தி, தன் தங்கைக்கென்று கொண்டுவந்த தலைக்கவசத்தை எடுத்து நீட்டினாள். பாஷை தெரியாது, கையால்தான் கதைத்தார்கள். அது கொஞ்சம் பெரிது. நீச்சல் தொப்பி ஒன்றை நாலாக மடித்து உள்ளே வைத்து, வாரை இழுத்து, ஆட்டிப் பார்த்தாள். ஆடவில்லை.

கடலிலிருந்து எனக்கு எவ்வளவோ முன்னால் எங்கள் பிள்ளை ஏறிவிட்டாள். கரையேறிச் சைக்கிளுக்கு மாறுகிற இடத்தில் ஒவ்வொரு நொடியும் கணக்கு. விரலிடுக்கு மணலைத் துவாயால் தட்டி, ஈரக் காலைச் சப்பாத்துக்குள் நுழைத்து, நடுங்குகிற விரலால் வாரைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டாள். அதற்குப் பிறகு, பாவம், அந்தக் கனத்த சைக்கிளில் எவ்வளவு மிதித்தும் ஒவ்வொருவராக அவளைத் தாண்டிப் போனார்கள். ஓட்டத்தில் கொஞ்சப் பேரைத் திரும்பப் பிடித்தாள். சைக்கிளால் இறங்கி ஓடத் தொடங்கும்போது கால் நம்முடைய கால் மாதிரியே இருக்காது, மரக்கட்டையைக் கட்டிவிட்டதுபோல இருக்கும். பழகினால்தான் அது சரிவரும். சைக்கிள் இருந்தால்தானே பழகலாம்?

வானில் திரும்பி வரும்போது அவள் கேட்டது இதுதான்: "அண்ணா, அடுத்த முறை நல்ல சைக்கிள் ஒன்று இரவல் எடுக்கலாமா?" குழுக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். அன்றைக்கு எடுத்த முடிவுதான் இந்த வேண்டுகோள்.

வருகிற பங்குனியில் காரைநகர் கசூரினாக் கடற்கரையில் எங்கள் சொந்தப் போட்டியை நடத்தப்போகிறோம். வாடைக்காற்று அடங்கி, சோழகக்காற்று எழும்புவதற்கு முந்திய நாட்களில் அந்தக் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். ஆழமும் மெல்ல மெல்லத்தான் இறங்கும், புதிதாக நீந்துகிற பிள்ளைக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. சைக்கிள் பாதை பொன்னாலைப் பாலத்தால் போய்த் திரும்பும். ஓட்டம் சவுக்கு நிழலிலும் பனங்கூடல் ஓரத்திலும். வெயில் ஏறுவதற்குள் முடிக்க, ஆறரைக்கே தொடங்கிவிடுவோம். சைக்கிள் தாங்கி செய்யப் பனஞ்சிலாகை தருவதாக ஒரு மரக்காலைக்காரர் சொல்லியிருக்கிறார். இருக்கையின் மூக்கைச் சிலாகையில் கொழுவித் தொங்கவிட்டால் போதும், இரும்புத் தாங்கிக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை.

துடுப்புப் படகு ஏன் என்று பலர் கேட்கிறார்கள். கடற்றொழிலாளர் சங்கத்தினர் இயந்திரப் படகு இரண்டு தருகிறார்கள், மண்ணெண்ணெய்ச் செலவு மட்டும் கேட்டார்கள். அவர்களுக்கு நன்றி. ஆனால் இயந்திரப் படகை நீந்துகிறவர் நடுவே விடமுடியாது, இயந்திரத்தின் சுழலும் காற்றாடி ஆபத்து. அது வெளி எல்லையில்தான் நிற்கவேண்டும். உள்ளே, பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்கத் துடுப்புப் படகுதான் சரி. களைத்துப்போனவர் படகைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கலாம், படகு அவரை முன்னால் இழுத்துச் செல்லாதவரை அது குற்றமில்லை என்பது போட்டி விதி. கை எட்டுகிற தூரத்தில் பிடிப்பதற்கு ஏதாவது இருக்கிறது என்று தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடும். இந்த ஒன்றில் மட்டும் குழு விட்டுக்கொடுக்காது. படகு சேராவிட்டால் போட்டியைத் தள்ளிவைப்போம்.

கணக்கு இதுதான். பாவித்த, நல்ல நிலையில் உள்ள பந்தயச் சைக்கிள் ஒன்று 120,000 ரூபா என்று பார்த்தால் எட்டுக்கு 960,000. தலைக்கவசம் பத்துக்கு 90,000. துடுப்புப் படகு நாலுக்கு 340,000. உயிர்காப்பு அங்கி, மிதவை, நிறத் தொப்பி, முதலுதவிப் பெட்டி எல்லாம் சேர்த்து 110,000. மொத்தம் 15 இலட்சம். உறுப்பினர்கள் நாங்கள் போட்டதும், ஊரில் வீடுவீடாகச் சேர்த்ததும் 3 இலட்சம். மிச்சம் 12 இலட்சத்துக்குத்தான் உங்களிடம் வருகிறோம்.

வெளிநாட்டில் இருக்கிற உறவுகள் பழைய சைக்கிளை அனுப்பட்டுமா என்று அன்போடு கேட்கிறார்கள். பணமாகத் தந்தால் நல்லது. பிள்ளைகளின் உயரத்துக்கு ஏற்ற சைக்கிளாகவும், ரயரும் சங்கிலியும் இங்கேயே மாற்றக்கூடியதாகவும் பார்த்து வாங்கலாம். ஊரில் இருப்பவர்கள் பணம் தரமுடியாவிட்டால் வேறு வழியும் உண்டு. போட்டியன்று தாகசாந்தி வைக்க ஆட்கள் வேண்டும். தேசிக்காய்த் தண்ணியில் உப்பும் சீனியும் கரைத்துக் கொடுக்க நாலு பேர், பாதைத் திருப்பங்களில் கொடி பிடித்து நிற்க இருபது பேர்.

சைக்கிள்களைப் பார்ப்பது யார் என்ற கேள்வியும் நியாயமானது. உப்புக் காற்றில் சங்கிலி ஒரு கிழமையில் துருப்பிடிக்கும், காரைநகர்க் கிணறுகளும் பல இடங்களில் உவர். அதனால் ஒவ்வொரு பயிற்சி முடிந்ததும் கழகக் கொட்டகைக்குக் கொண்டுவந்து நல்ல தண்ணியில் துடைத்து, எண்ணெய் விட்டு, கொப்பியில் கையெழுத்து வைத்துத்தான் பூட்டுவோம். எடுத்தவர் பெயர், திருப்பித் தந்த நேரம் எல்லாம் அதில் இருக்கும்.

ஐந்நூறு ரூபா தந்தாலும் பற்றுச்சீட்டு உண்டு. பொருளாளரிடம் நேரில் கொடுக்கலாம், கழக வங்கிக் கணக்கிலும் போடலாம், இலக்கத்தை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். வரவு செலவு மாதம் ஒருமுறை கழக அறிவித்தல் பலகையில் ஒட்டப்படும். தை முடிவதற்குள் பணம் சேர்ந்தால் மாசியில் பிள்ளைகள் கழகச் சைக்கிளில் பழகத் தொடங்கலாம்.

கொடுப்பதற்கு முன் எங்களைப் பார்க்க விரும்பினால், சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கசூரினாவில் நிற்போம். அந்தப் பிள்ளைதான் இப்போது சின்னவர்களுக்கு நீச்சல் பழக்குகிறாள்.

நன்றியுடன்,
செயலாளர், நிர்வாகக் குழு சார்பில்