‘கட்’ எல்லாம் வெட்டு அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் மலைத்தோட்டப் பக்கத்தில் வந்த மொழிபெயர்ப்புக் கட்டுரைகளில் ‘கட்’ என்ற ஆங்கிலச் சொல் தலைகாட்டிய இடமெல்லாம் ‘வெட்டு’ என்றே அச்சாகியிருந்தது. கார்னேஷன் ‘வெட்டப்பட்ட பூ’ ஆகிவிட்டது. தேயிலை நாற்றங்காலில் ‘வெட்டுகளை’ நடச் சொல்கிறீர்கள். ஃபேக்டரியில் இலையை ‘நான்கு முறை வெட்டுகிறார்களாம்’. நீலகிரியில் இந்தத் தொழில்களில் இருப்பவர்கள் யாரும் இப்படிப் பேசுவதில்லை. பேச்சுவழக்கு மட்டும் பிரச்சினை என்றால் விட்டுவிடலாம். படித்ததை அப்படியே செய்து பார்ப்பவர்களுக்குக் கைநஷ்டம் ஆகும்.

பூவுக்கு ‘கொய்மலர்’ என்ற அழகான சொல் வேளாண் வெளியீடுகளில் எப்போதோ வந்துவிட்டது. மல்லிகையும் கோழிக்கொண்டையும் உதிரிப்பூ, எடை போட்டு விற்பது. கார்னேஷனும் ஜெர்பராவும் கொய்மலர், தண்டுக்கும் சேர்த்து விலை. தண்டுக்கு ஒரு பூ வைக்கும் ரகத்தில், மொட்டு பிளந்து இதழ்கள் பெயின்ட் பிரஷ் மாதிரி நேராக நிற்கும்போது கொய்ய வேண்டும். கொத்தாகப் பூக்கும் ரகத்தில் இரண்டு பூ விரிந்து மற்றவை நிறம் காட்டினால் போதும். வெயில் ஏறுவதற்கு முன் கொய்து, கையோடு வாளித் தண்ணீரில் நிறுத்த வேண்டும். வரப்பில் சும்மா கிடந்தால் தண்டின் நுண்குழாய்களில் காற்று புகுந்து அடைத்துக்கொள்ளும். பிறகு பூ தண்ணீரை இழுக்காது. அடியில் இரண்டு சென்டிமீட்டரை மறுபடி நறுக்கிவிட்டால் ஓரளவு தப்பிக்கும். பழுத்த வாழைத்தாரோ ஆப்பிள் பெட்டியோ இருக்கிற அறையில் கார்னேஷனை அடுக்கக் கூடாது. பழம் விடும் எத்திலீன் வாயுவால் இதழ்கள் உள்பக்கமாகச் சுருண்டு பூ தூங்கிவிடும்.

அடுத்தது ‘கட்டிங்’. முருங்கைக்குப் போத்து என்கிறோம், கரும்புக்குக் கரணை. தேயிலை நாற்றங்காலில் ‘கட்டிங்’ என்பதே பேச்சு. எழுத்துக்குத் தண்டுத் துண்டு என்று போடலாம். பதியன் என்று மட்டும் போடாதீர்கள், அது கிளை தாய்ச்செடியோடு இருக்கும்போதே வேர் விட வைப்பது. உங்கள் கட்டுரை ‘கிளைகளை வெட்டி நடவும்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. இதில் அளவுதான் எல்லாமே. தாய்ச்செடிக் கிளையின் பச்சை நுனியும் வேண்டாம், செந்நிறமாக முற்றிய அடிப்பகுதியும் வேண்டாம். நடுப்பகுதியில் ஓர் இலை, அதன் கக்கத்தில் ஒரு மொட்டு, இலைக்குக் கீழே மூன்று நான்கு சென்டிமீட்டர் தண்டு. மொட்டுக்குச் சற்று மேலே, இலை சாய்ந்திருக்கும் அதே சாய்வில் கத்தி விழ வேண்டும். பூமொட்டு தெரிந்தால் ஒதுக்கிவிடுங்கள். பாலிதீன் பையில் நடும்போது இலை மண்ணைத் தொட்டால் அழுகும். மண் புளிப்புத்தன்மை உள்ளதாக இருக்க வேண்டும். சுண்ணாம்புச் சத்து மிகுந்த மண்ணில் வெட்டிய முனையில் கட்டி மாதிரி சதை திரளுமே தவிர வேர் இறங்காது. ‘துண்டு பச்சையாகத்தான் இருக்கிறது, ஆனால் மூன்று மாதமாகியும் வேரைக் காணோம்’ என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். சரியாக அமைந்தால் பத்துப் பன்னிரண்டு வாரத்தில் வேர் வந்துவிடும்.

அதே கட்டுரையில் ‘கட் பேக்’ என்பது ‘பின்னால் வெட்டுதல்’ ஆகியிருக்கிறது. அது கவாத்து, தேயிலைச் செடி மறுபடி துளிர்க்க உயரம் குறைத்து வெட்டுவது. (போலீஸ் மைதானத்துக் கவாத்து வேறு. ஒரு சொல்லுக்கு இரண்டு வேலை கொடுப்பது ஆங்கிலத்துக்கு மட்டும் உரிய பழக்கம் அல்ல.) தரையிலிருந்து 30 சென்டிமீட்டருக்குக் கீழே வெட்டினால் கிழச்செடியைப் புதுப்பிக்கும் கவாத்து. 30 முதல் 45 வரை ஆழக் கவாத்து, 45 முதல் 60 வரை நடுத்தரம், 60 முதல் 65 வரை மேலோட்டமானது. எந்த உயரமானாலும், வேரில் மாவுச்சத்து இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பென்சில் கனத்தில் ஒரு வேரை நறுக்கி, வெட்டுமுகத்தில் அயோடின் கரைசல் தடவினால் கருநீலம் ஏற வேண்டும். வெளிறியே இருந்தால் அந்தச் செடிக்குத் துளிர்க்கக் கைமுதல் இல்லை. தள்ளிப்போடுவதே நல்லது.

ஃபேக்டரி சங்கதி இன்னும் வேடிக்கை. தேயிலைத் தூள் தயாரிக்கும் சி.டி.சி. முறையின் வழக்கமான விரிவு நசுக்கு, கிழி, சுருட்டு. நசுக்குக்குப் பதில் ‘வெட்டு’ என்று விரிப்பவர்களும் உண்டு, ஆனால் ‘நாலு கட்’டில் வரும் ‘கட்’ அது அல்ல. பல் வைத்த இரண்டு உருளைகள் எதிரெதிராகச் சுழலும். ஒன்று மெதுவாக, மற்றது ஏறக்குறைய பத்து மடங்கு வேகத்தில். இப்படி ஒரு ஜோடிக்குப் பெயர்தான் ‘ஒரு கட்’. ‘நாலு கட்’ என்றால் இலை அடுத்தடுத்து நான்கு ஜோடி உருளைகளுக்கு இடையே போகிறது என்று பொருள். பல் மழுங்கினால் இலை உருண்டு மணியாகாமல் தட்டையாகச் செதிள் செதிளாக வரும், சூடும் ஏறும். இங்கே ‘கட்’ என்பதை மொழிபெயர்க்காமல் அப்படியே விடுவதே சரி.

‘வெட்டு’ பொருந்தும் இடமும் உண்டு. வீடு கட்ட மலைச்சரிவை வெட்டுவது வெட்டுதான். வெட்டிய மண்ணை முன்பக்கம் கொட்டி மட்டம் செய்து, பாதி வீட்டைக் கெட்டி நிலத்திலும் பாதியைக் கொட்டிய மண்ணிலும் நிறுத்தினால், இரண்டு மழைக்காலத்துக்குள் மண் அமுங்கி, சேரும் இடத்தில் சுவர் விரியும். பின்பக்கத் தடுப்புச் சுவரில் தண்ணீர் வெளியேறத் துளை விடாதவர்கள் சுவரையே இழப்பார்கள். ஆனால் மண் சரிந்து சாலை ‘கட் ஆஃப்’ ஆனதை ‘சாலை வெட்டப்பட்டது’ என்று எழுதினால், யாரோ மண்வெட்டியோடு வந்த மாதிரி இருக்கிறது. துண்டிக்கப்பட்டது என்று எழுதுங்கள்.

‘கரன்ட் கட்’டில் தமிழ் ஆங்கிலத்தைவிடத் துல்லியம். மரம் சாய்ந்து கம்பி அறுந்தால் மின்தடை. பராமரிப்புக்கு முன்கூட்டி அறிவித்து நிறுத்தினால் மின்நிறுத்தம். பற்றாக்குறைக்காகப் பங்கீடு போட்டு நிறுத்தினால் மின்வெட்டு. ஜூலைக் காற்றில் கற்பூரமரம் லைன்மேல் விழுந்ததற்கு நீங்கள் மின்வெட்டு என்று தலைப்பிட்டால், செய்தியே மாறிவிடுகிறது. சம்பளத்திலும் அப்படித்தான்: வருங்கால வைப்பு நிதிக்குப் போவது பிடித்தம், கூலி விகிதத்தையே இறக்குவது குறைப்பு. இரண்டையும் ‘ஊதிய வெட்டு’ என்று எழுதினால் தோட்டத் தொழிலாளி எதற்காகக் கோபப்படுவது?

மற்றவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வகுப்புக்குக் கட் அடிப்பது, பாதி வழியில் திரும்பும் கட் சர்வீஸ் பஸ், 200-க்குக் கணக்கிடும் இன்ஜினியரிங் கட்ஆஃப், 180 மில்லி குவார்ட்டரில் பாதியான ‘கட்டிங்’, ஒப்பந்தப் பணத்தில் இன்னொருவர் கேட்கும் ‘கட்டிங்’ எல்லாமே வாசகருக்குப் பழக்கம்தான். மொழிபெயர்ப்பவர் கவனிக்க வேண்டிய இலக்கணம் ஒன்று உண்டு. இந்த வினை இறந்த காலத்திலும் உருமாறாது. ‘தே கட் தி புஷ்’ என்றால் வெட்டினார்களா, வெட்டுகிறார்களா என்பதை முன்பின் வாக்கியங்களிலிருந்துதான் பிடிக்க வேண்டும். உங்கள் கட்டுரையில் முடிந்துபோன கவாத்து நடப்பு வேலையாக வந்திருப்பது அதனால்தான்.

கடைசியாக, அவசரமான திருத்தம் ஒன்று. கார்னேஷன் கட்டுரையில் ‘ஆறாவது கணுவுக்கு மேல் நுனியைக் கட்டி விடவும்’ என்று இருக்கிறது. ‘கட் பண்ணி’ என்று வந்ததை யாரோ நல்ல தமிழாக்கியிருக்கிறார்கள் என்று ஊகிக்கிறேன். கட்டக் கூடாது, கிள்ள வேண்டும். நட்டு ஏறக்குறைய நான்கு வாரத்தில் ஆறு கணு வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கத்தில் நான்கைந்து கிளை வெடிக்கும். கட்டி வைத்தால் நுனி ஒற்றைத் தண்டாகவே உயர்ந்து முதலில் ஒரு பூ மட்டும் வைக்கும். புது நடவு போட்டவர்கள் இப்போது அந்த வாரத்தை நெருங்கிக்கொண்டிருப்பார்கள். அடுத்த இதழில் இந்த ஒரு வரிக்காவது திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோத்தகிரி