தெரியாத தகப்பனைப் பூஜ்யமாக்காதீர்கள்: இனப் பதிவேட்டுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். என் பசுவுக்கு நீங்கள் ஒதுக்கிய காளை அதற்கு நெருங்கிய உறவு என்று முறையிட்டிருந்தேன். அந்தக் கோப்பு உங்கள் மேசையில்தான் இருக்கிறது. "பதிவேட்டின்படி இரண்டும் உறவில்லாதவை, மறுபரிசீலனைக்கு இடமில்லை" என்ற உங்கள் பதிலைப் பார்த்தபின்தான் எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

பசுவுக்குத் தகப்பன் 'தெரியவில்லை'. நீங்கள் ஒதுக்கிய பொலிகாளைக்கும் அப்படியே. தெரியாத தகப்பன்களை எல்லாம் ஒன்றுக்கொன்று உறவில்லாதவையாக எடுத்துக்கொண்டு, இரண்டுக்கும் உறவளவு, அதாவது மரபணுவில் எவ்வளவு பொது என்ற எண், பூஜ்யம் என்று போட்டுவிட்டீர்கள்.

முதல் ஈற்றில் கன்று எழுந்திருக்கவே இல்லை. தாங்கிப் பிடித்துச் சீம்பாலைப் புட்டியில் ஊட்டினோம். உறிஞ்சத் தெம்பில்லாமல் பால் கடைவாயில் வழிந்தது. மறு ஈற்றும் அதே காளைக்குத்தான், அந்தக் கன்றும் தங்கவில்லை. அப்புறம்தான் பசுவின் வால்முடியை வேரோடு பிடுங்கி, மிச்சமிருந்த விந்துக் குச்சியோடு சோதனைக்கு அனுப்பினேன். டி.என்.ஏ. குறிப்பான்கள் (மாட்டுக்கு மாடு வேறுபடும் மரபணு அடையாளங்கள்) காட்டிய உறவளவு 0.24. ஒரே தகப்பனுக்கு வெவ்வேறு தாய்களிடம் பிறந்தவற்றுக்கு எதிர்பார்ப்பது 0.25. கன்றுகள் செத்தது இதனால்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இந்தச் சேர்க்கையை நீங்கள் பரிந்துரைத்திருக்கவே கூடாது.

பதிவேட்டில் பிழையே இல்லாவிட்டாலும் அது சராசரியைத்தான் சொல்லும். உடன்பிறந்தோர் சரிபாதி மரபணுவைப் பகிர்வதாகக் கணக்கு. மனிதர்களிடம் அளந்து 2006-ல் வெளியான ஆய்வில் அது ஏறக்குறைய 37 முதல் 62 விழுக்காடு வரை இருந்தது. கலிபோர்னியா காண்டோர் கழுகுகளில் இரண்டு குஞ்சுகளுக்குத் தகப்பனே இல்லை, தாயிடமிருந்து மட்டுமே உருவானவை என்று 2021-ல் தெரியவந்ததும் குறிப்பான்களால்தான். ஆண் பறவையோடு சேர்த்து வைத்திருந்த தாய்களின் குஞ்சுகள் அவை. எந்தப் பதிவேட்டைப் புரட்டினாலும் அது தெரிந்திருக்காது.

குறிப்பான்களை ஒப்பிட அடிப்படையாக எடுக்கும் மந்தை மாறினால் உறவளவும் மாறும் என்கிறீர்கள். சரி, மாறும். அதற்குத்தான் நம் இனத்தின் மாதிரிகளையே அடிப்படையாக வைக்கச் சொல்கிறோம். பதிவின்போது ஒவ்வொரு மாட்டின் முடியையும் வாங்கி உறையில் போட்டு வைத்திருக்கிறீர்களே, அதை எதற்கு வாங்கினீர்கள்? பதிவுக் கட்டணம், புதுப்பிப்புக் கட்டணம், தாமதக் கட்டணம் எதையும் நீங்கள் விட்டதில்லை. நாங்கள் கேள்வி கேட்டால் மட்டும் மாதக்கணக்கில் பதில் வருவதில்லை. கன்றைப் பறிகொடுக்கிறவர்கள் நாங்கள்.

கோபத்தில் நீட்டிவிட்டேன், மன்னிக்கவும். கேட்பது ஒன்றுதான்: ஜோடி சேர்க்கும் முன் குறிப்பான்களை வைத்து உறவளவைப் பாருங்கள். தகப்பன் தெரியாத மாடுகளிலிருந்து தொடங்கினால் போதும். என் பசு மறுபடி சினைப் பருவத்துக்கு வந்திருக்கிறது. அதற்கு அடுத்த காளையையாவது சோதித்து ஒதுக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பதிவேட்டில் உள்ள ஒரு மாடு வளர்ப்பவர்