கிணற்றடி மரத்தை மட்டும் விட்டுவிடு, ஸ்டெல்லா

அன்புள்ள ஸ்டெல்லா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் கட்டுக்குள் இல்லை. தடைக்காலம் முடிந்து காசிமேட்டில் வஞ்சிரம் வந்துவிட்டது, நான் விலையை மட்டும் கேட்டுவிட்டு மத்தி வாங்கிக்கொண்டு வந்தேன். ரோசி மறுபடியும் கடன் கேட்டாள், மறுபடியும் கொடுத்தேன், திட்டாதே. சரி, ஊர்க்கதை போதும்.

ப்ளம்ஸ் மரம் எல்லாவற்றையும் வெட்டிவிட்டு பட்டர் ஃப்ரூட் வைக்கப் போகிறேன் என்று இரண்டே வரியில் மெசேஜ் போட்டாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. உங்க அப்பா வைத்த மரம்டி அதெல்லாம். பூ கொட்டுகிறது, காய் நிற்கவில்லை என்று நீ மூன்று சீசனாகப் புலம்புவது எனக்குத் தெரியாமல் இல்லை, தோட்டத்தை வைத்துத்தான் உன் வயிறு நிறைய வேண்டும் என்பதும் தெரியும். ஆனாலும் வெட்டுவதற்கு முன்னால் இதைப் படி. நீளமாகத்தான் எழுதப் போகிறேன், டீ போட்டுக்கொண்டு உட்கார்.

அக்கா மகள் நிவேதா கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் பயிர் இனப்பெருக்கம் படிக்கிறாள் இல்லையா, லீவுக்கு வந்திருந்தாள். உன் மெசேஜைக் காட்டினேன். "மரமெல்லாம் எங்கிருந்து வந்தது சித்தி?" என்றாள். உங்க அப்பா ஒரே தாய் மரத்திலிருந்து ஒட்டுக் கட்டிய கதையை எத்தனை தடவை கேட்டிருக்கிறோம், அதையே சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, "அப்போ அது தோப்பு இல்லை, ஒரே மரம்தான் அத்தனை இடத்திலும் நிற்கிறது" என்றாள். ஒட்டுக்கன்று என்றால் எல்லாவற்றுக்கும் ஒரே மரபணு. ப்ளம்ஸில் பெரும்பாலான மரங்கள் தன் மகரந்தத்தைத் தானே ஏற்பதில்லை. ஒவ்வொரு மரத்திலும் எஸ் என்ற மரபணுவில் இரண்டு வகை இருக்கும், ஒரு மகரந்தத்தூளில் அதில் ஒன்றுதான் இருக்கும். அந்த வகை பூவின் இரண்டில் எதோடாவது ஒத்துப்போனால் பங்காளி வீட்டுக்குப் பெண் கொடுக்க மாட்டோம் என்கிற பெரியவர்கள் மாதிரி பூ மறுத்துவிடுகிறது. பூவின் சூல்தண்டில் இருக்கும் ஒரு நொதி, சூலை எட்ட மகரந்தம் நீட்டுகிற குழாய்க்குள் போய் அதன் ஆர்என்ஏவைச் சிதைக்க, குழாய் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. மேல் தோட்டத்துக்காரர் ரிசார்ட் கட்டுகிறேன் என்று தன் மரங்களைச் சாய்த்த பிறகுதானே உனக்குக் காய்ப்பு குறைந்தது? இத்தனை வருஷம் உன் மரங்களுக்கு மகரந்தம் கொடுத்தது அவர் மரங்கள்தான். உரக்கடைக்காரன் உன்னிடம் என்னென்னமோ டப்பா விற்றானே, அவனை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

இனிமேல்தான் விஷயமே. கிணற்றடி மரம் அந்த ஒட்டுக் கூட்டத்தில் சேராதது போலிருக்கிறது; அது மட்டும் எல்லாவற்றுக்கும் முன்னாடியே பூத்துக் கொட்டிவிடும், ஆனால் கிளை ஒடிகிற மாதிரி காய்க்கும் என்று நீதானே சொன்னாய். அது பூக்கிற நேரத்தில் பக்கத்தில் வேறு எந்த மரத்திலும் பூ இல்லை. அப்படியென்றால் மகரந்தம் எங்கிருந்து வந்தது? தன்னுடையதாகவே இருக்கலாம். இதைச் சொன்னதும் நிவேதா எழுந்தே நின்றுவிட்டாள்.

தானே காய்க்கிற ப்ளம்ஸ் உலகத்தில் இல்லாமல் இல்லை. கலிபோர்னியாவில் லூதர் பர்பாங்க் 1906-இல் வெளியிட்ட சான்டா ரோசா அப்படித்தான். அதன் எஸ் மரபணுவில் எஸ்இ என்று ஒரு வகை இருக்கிறது, அந்த வகைக்கான நொதி சூல்தண்டில் மிகக் குறைவாகவே உண்டாகிறது, அதனால் எஸ்இ மகரந்தம் தடையில்லாமல் உள்ளே போய்விடுகிறது. செர்ரியில் வேறு வழி. இங்கிலாந்தில் மகரந்தத்துக்கு எக்ஸ்ரே அடித்து அதன் மரபணுவைக் கெடுத்தார்கள், அதில் வெறும் நான்கு டிஎன்ஏ எழுத்து காணாமல் போனதும் அந்த மகரந்தத்தைப் பூ தடுப்பதில்லை. அதன் வம்சத்தில் 1968-இல் கனடாவில் வந்த செர்ரிக்குப் பெயர் என்ன தெரியுமா? ஸ்டெல்லா. துணை இல்லாமலே காய்க்கிற மரம். உனக்கு வரன் பார்த்து அலுத்துப்போன உன் அத்தையிடம் இதைச் சொல்லிவிடாதே.

உன் மரத்தில் எஸ்இ இருக்கிறதா என்று பார்க்க அடுத்த பூவுக்குக் காத்திருக்க வேண்டாம், இளம் இலை போதும். லேபில் நான் தினமும் ரத்தத்திலும் சளியிலும் செய்கிற அதே பிசிஆர்தான், டிஎன்ஏவில் வேண்டிய துண்டை மட்டும் பல மடங்கு நகலெடுக்கிற சோதனை. எஸ் மரபணுவின் நடுவே வரும் இன்ட்ரான் என்ற இடைத்துண்டின் நீளம் வகைக்கு வகை மாறும், அதனால் நகல்களை மின்சாரம் பாய்கிற ஜெல்லில் ஓடவிட்டு யூவி விளக்கில் பார்த்தால் ஆரஞ்சுக் கோடுகள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரத்தில் நிற்கும், எஸ்இ கோடு இருந்தால் தெரிந்துவிடும். ஆனால் எங்கள் லேபில் முடியாது, ப்ளம்ஸ் இலையில் பசையும் துவர்ப்பும் அதிகம், எங்கள் ரத்தக் கிட் அடைத்துக்கொள்ளும். நிவேதாவின் துறையில் சிடேப் என்ற சோப்பு மாதிரி ரசாயனத்தை வைத்து இலையிலிருந்து டிஎன்ஏ எடுக்கிறார்கள், அவளுடைய வழிகாட்டியும் சரி என்றுவிட்டாராம்.

இருந்துவிட்டால் அதன் மகரந்தத்தை உலர்த்தி ஃப்ரிட்ஜில் வைத்து, அப்பாவின் மரங்கள் பூக்கும்போது தூரிகையால் தொட்டுவிடலாம். கொட்டையை இரண்டு மூன்று மாதம் ஈர மணலில் குளிரில் வைத்து முளைக்க வைத்தால், கன்றுகளில் சுமார் பாதிக்கு எஸ்இ வரும். கிணற்றடி மரத்தின் மற்றொரு எஸ் வகை அப்பா மரத்தோடு ஒன்றாக இருந்துவிட்டால் இன்னும் நல்லது, எஸ்இ மகரந்தம் மட்டுமே உள்ளே போகும், கன்று அத்தனையும் தானே காய்க்கிற சாதி. எது எது என்று நாலு இலை விட்டதுமே சோதித்துவிடலாம். இல்லாவிட்டால் மூன்று நான்கு வருஷம் தண்ணீர் ஊற்றி, பூக்கும்போது தேனீ வராமல் கிளைக்குத் துணி கட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், அதுவரை இடமும் காசும் தண்டம். பழம் இனிக்குமா, பெரிசாகுமா என்பதை இந்தச் சோதனை சொல்லாது, அதற்கு மரம் காய்த்தே ஆக வேண்டும்.

பூக்கிற சமயம் மழையோ மூடுபனியோ பிடித்துக்கொண்டால் தேனீ மரம் விட்டு மரம் வராது. பக்கத்துத் தோட்டங்கள் வேறு ஒவ்வொன்றாகக் கட்டடமாகிக்கொண்டே இருக்கின்றன. இனி உன் மலையில் யார் மரத்தை நம்பி யார் காய்ப்பது? எனக்கு இதுதான் பயமாக இருக்கிறது, ஸ்டெல்லா.

அதனால் பட்டர் ஃப்ரூட் வைக்காதே என்று சொல்லவில்லை. கன்றுக்கு முன்பணம் கொடுத்திருந்தால் தோட்டத்தின் மேல் தட்டில் வைத்துக்கொள். அப்பா மரங்களில் ஓரத்தில் இருக்கிற சிலதையும் கிணற்றடி மரத்தையும் விட்டு வை. இரண்டிலிருந்தும் இளம் இலை பறித்து, தனித்தனிக் கவரில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு போட்டு, எது எந்த மரம் என்று பென்சிலால் எழுதி நிவேதா விலாசத்துக்குக் கூரியர் பண்ணு. கவரைக் கலந்துவிட்டால் உன்னைக் கொன்றுவிடுவாள். ஞாயிறு சாயங்காலம் கூப்பிடுகிறேன், இந்தத் தடவையாவது போனை எடு.

உன்,
கஸ்தூரி
தண்டையார்பேட்டை