ஒரே ராத்திரியில் ஊறாது ரத்தம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ரத்த தானம் செய்யப் போகிறவர்களுக்கு என்று உங்கள் நாளிதழில் வந்த சின்னப் பெட்டிச் செய்தியைப் படித்தேன். 'முந்தின நாள் பீட்ரூட், பேரீச்சை, மாதுளை நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்' என்று அதில் ஒரு வரி. நல்ல எண்ணத்தில்தான் போட்டிருப்பீர்கள். ஆனால் யார் யாரோ சொன்ன இதே யோசனையைக் கேட்டு இரண்டு முறை போய், இரண்டு முறையும் திருப்பி அனுப்பப்பட்டவள் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் முறை ஒரு வாரம் முழுக்க பீட்ரூட் சாறு. விரல் நுனியில் குத்தி ஹீமோகுளோபின் (சுருக்கமாக எச்.பி., ரத்தத்துக்குச் சிவப்பு தருகிற, இரும்பு சேர்ந்த புரதம்) பார்த்தார்கள், 11.8. பெண்களுக்குப் பல இடங்களில் நூறு மில்லி ரத்தத்தில் 12.5 கிராமாவது இருக்க வேண்டும் (ஆண்களுக்குச் சில நாடுகளில் 13 கேட்கிறார்கள்). சரி, போய்விட்டு மூன்று மாதம் கழித்து வருகிறேன் என்று வந்துவிட்டேன். இரண்டாவது முறை முந்தின ராத்திரி மாதுளை, காலையில் கைநிறையப் பேரீச்சை, அப்புறம் பார்த்தால் 11.9. அந்தப் புள்ளி ஒன்று ஏறியதுகூடப் பேரீச்சையின் புண்ணியமில்லை, விரல் நுனி சோதனை அவ்வளவு முன்னே பின்னே காட்டும் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

பீட்ரூட்டின் சிவப்புக்கு அதிலுள்ள ஒரு நிறமிதான் காரணம், இரும்பு அல்ல. நூறு கிராம் பீட்ரூட்டில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட முழுசாகக் கிடையாது. மாதுளையில் அதைவிடக் கம்மி. பேரீச்சை சுமார் ஒரு மில்லிகிராம், கூடவே ஏகப்பட்ட சர்க்கரை. நிறத்தைப் பார்த்து முடிவு செய்கிற பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்ததோ, வேகவைத்த மங்கலான பருப்பு நூறு கிராமில் இதைப்போல மூன்று மடங்கு இரும்பு இருக்கிறது, அதை யாரும் 'ரத்தம் ஊறும்' என்று சொல்லி நீட்டுவதில்லை.

இனி கணக்குக்கு வருகிறேன். ஒரு முறை 450 மில்லி ரத்தம் கொடுத்தால் அதோடு 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு போகிறது. நாம் சாப்பிடுகிற சாப்பாட்டிலிருந்து உடம்பு ஒரு நாளைக்கு எடுத்துக்கொள்வது சாதாரணமாக ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராம்தான், அதிலும் பெரும்பகுதி அன்றாட இழப்பை ஈடுகட்டவே சரியாகப் போய்விடும். உள்ளே இரும்புச் சேமிப்பு குறைந்தால் உடம்பே கொஞ்சம் கூடுதலாக உறிஞ்சிக்கொள்ளப் பார்க்கும், உண்மைதான். அப்படியும் இது நாள் கணக்கில் முடிகிற வேலை இல்லை, மாதக் கணக்கு. உள்ளே போன இரும்பு எலும்பு மஜ்ஜைக்குப் போய், புதுச் சிவப்பணுவாகி வெளியே வரவே கிட்டத்தட்ட ஒரு வாரம் ஆகும். முந்தின நாள் சாப்பிட்டது மறுநாள் விரல் நுனிக்கு எப்படி வரும்?

எனக்கு உண்மையில் எங்கே ஓட்டை இருந்தது என்றால், தேநீரில். மதியச் சாப்பாடு முடிந்த கையோடு ஒரு கோப்பை, இரவு முடிந்ததும் இன்னொன்று, இருபது வருடப் பழக்கம். தேநீரின் துவர்ப்புக்குக் காரணமான பொருள்கள் சாப்பாட்டில் உள்ள இரும்பைப் பிடித்துக்கொண்டு விடுவதில்லை. 1983-ல் வெளிவந்த ஒரு ஆய்வில், சாப்பாட்டோடு தேநீர் குடித்தபோது இரும்பு உறிஞ்சப்படுவது 64 சதவீதம் குறைந்தது, காபிக்கு 39 சதவீதம். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் குடித்த காபியால் பாதிப்பு இல்லை, ஒரு மணி நேரம் பின்னால் குடித்ததோ கூடவே குடித்த மாதிரிதான். ஆக, குடிப்பதை நிறுத்த வேண்டியதில்லை, இடம் மாற்றினால் போதும். நான் காலையிலும் மாலையிலும், இரண்டு சாப்பாட்டுக்கு நடுவில் தனியாகக் குடிக்க ஆரம்பித்தேன். முதல் பத்து நாள் தலைவலியோடு வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பருப்பு, பயறு, கீரை, விதைகளில் உள்ள இரும்பு உடம்புக்குச் சுலபமாகப் பிடிபடாது. இறைச்சி, ஈரல், மீனில் உள்ள இரும்பில் ஒரு பகுதி வேறு வடிவத்தில் இருப்பதால் நன்றாகச் சேரும், பருப்போடு கொஞ்சம் இறைச்சியும் சேர்ந்தால் பருப்பின் இரும்பும் கூடுதலாகச் சேரும். சைவம் சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டாம், அதே சாப்பாட்டோடு வைட்டமின் சி சேர்த்துக்கொண்டால் நிறைய வித்தியாசம் தெரியும்: கொய்யா, ஆரஞ்சு, குடைமிளகாய், எலுமிச்சை. எலுமிச்சையை அடுப்பில் கொதிக்கும்போது பிழியாமல், இறக்கிய பிறகு பிழிய வேண்டும், சூட்டில் அந்த வைட்டமினில் ஒரு பகுதி வீணாகிவிடும். பயறை ஊறவைத்து முளைகட்டினால் இரும்பைத் தடுக்கிற பொருளும் குறையும். இரும்புச் சட்டியில் புளிப்பான குழம்பு வைத்தால் சட்டியிலிருந்தே கொஞ்சம் இரும்பு இறங்கும்.

பசலைக்கீரை விஷயத்தில் ஒரு வேடிக்கை. அதில் இரும்பு மிக அதிகம் என்ற நம்பிக்கைக்கு, பழைய விஞ்ஞானி ஒருவர் தசமப் புள்ளியை இடம் மாற்றிப் போட்டதுதான் காரணம் என்று ஒரு கதை ரொம்ப நாளாகச் சுற்றுகிறது. தேடிப் பார்த்தால் அந்தக் கதைக்கே ஆதாரம் கிடையாதாம். ஆக, கீரையும் பாவம், விஞ்ஞானியும் பாவம்.

உணவை மட்டும் மாற்றி 12.5-ஐத் தாண்டினேன் என்று சொன்னால் அது பொய். மருத்துவரைப் பார்த்தபோது ஹீமோகுளோபினோடு பெரிட்டினையும் பார்க்கச் சொன்னார். பெரிட்டின்தான் சேமிப்பைக் காட்டும், எனக்கு அது அடிமட்டத்தில் இருந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடச் சொல்லி மாத்திரை கொடுத்தார். தினமும் போட்டால் நல்லதில்லையா என்று கேட்டேன். ஒரு மாத்திரை போட்டதுமே கல்லீரல் ஒரு ஹார்மோனைச் சுரந்து அடுத்த நாள் வரை இரும்பு நுழைகிற கதவைப் பாதி சாத்திவிடும் என்றார். ஐந்து மாதம் கழித்து 12.9, அன்று கொடுத்தேன். அதற்குப் பிறகு மாத்திரை இல்லாமல், தேநீரை இடம் மாற்றியும் எலுமிச்சை பிழிந்தும், நிதானமான இடைவெளியில் இன்னும் இரண்டு முறை கொடுத்திருக்கிறேன்.

யாரையும் கேட்காமல் இரும்பு மாத்திரை வாங்கிப் போடுகிறவர்களைப் பார்த்தால்தான் பயமாக இருக்கிறது. எச்.பி. குறைவுக்குக் காரணம் வயிற்றுக்குள் எங்கேயோ ரத்தக் கசிவாக இருக்கலாம், வைட்டமின் பி12 குறைவாக இருக்கலாம், பரம்பரையாக வருகிற தலசீமியா என்ற ரத்தக் கோளாறாகக்கூட இருக்கலாம். சிலருக்கு இரும்பு உடம்பில் தேங்கிக் கெடுதல் செய்கிற நோயும் உண்டு.

இன்னொன்று, ஒழுங்காக எல்லா முறையும் தேறிக் கொடுத்து வருகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். எச்.பி. சரியாக இருக்கும்போதே உள்ளே சேமிப்பு கரைந்து போயிருக்கலாம், விரல் நுனிச் சோதனைக்கு அது தெரியாது. 2015-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு ஆய்வில், ரத்தம் கொடுத்துவிட்டு இரும்பு மாத்திரை எடுக்காதவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேருக்கு 168 நாள் ஆகியும் சேமிப்பு பழைய நிலைக்கு வரவில்லை. ஆகவே சாப்பாட்டைக் கவனிக்க வேண்டிய காலம் கொடுப்பதற்கு முந்தின நாள் அல்ல, கொடுத்துவிட்டு வந்த மறுநாளிலிருந்து அடுத்த முறை வரைக்கும்.

அடுத்த தடவை அந்தப் பெட்டிச் செய்தியைப் போடும்போது பீட்ரூட் வரியை எடுத்துவிட்டு, 'சாப்பாட்டோடு தேநீர், காபி வேண்டாம்; எலுமிச்சை சேருங்கள்; இரண்டு மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள்; ஒருமுறை திருப்பி அனுப்பினால் மருத்துவரைப் பாருங்கள்' என்று போடுங்களேன். பெட்டி கொஞ்சம் பெரிதாகும், பரவாயில்லை.

இப்படிக்கு,
இரண்டு முறை திரும்பி வந்த ஒரு வாசகி